பிணை நின்றவர்கள்

கர்நாடகத்தின் எல்லை கூப்பிடு தூரத்தில் இருக்கும் பாகலூரில், கீரைக்கட்டின் விலையைத் தெலுங்கில் கேட்டு, பேரத்தைக் கன்னடத்தில் முடித்து, மீதிச் சில்லறைக்குக் காத்திருக்கும் நேரத்தில் பின்னால் நிற்பவரோடு தக்கணி உருதுவில் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, வீட்டுக்கு வந்து தமிழில் சலித்துக்கொள்ளும் மனிதர்கள் சர்வசாதாரணம். அத்தகைய ஊரில் பல்லாண்டுகள் தமிழாசிரியனாக இருந்தவன் நான்; என் வகுப்பில் அமர்ந்திருந்த பிள்ளைகளுள் வீட்டிலும் தமிழே பேசுவோர் ஒருபோதும் பெரும்பான்மையராக இருந்ததில்லை. ஆகவே தமிழிலக்கியத்தைப் பற்றி அப்பிள்ளைகள் கேட்கும் கேள்விகள், தமிழ் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தோன்றாத ஏதோ ஒரு புறவாயில் வழியாக உள்ளே வந்து, ஆசிரியனைத் திகைக்க வைத்துவிடும்.

ஒரு நாள் சீறாப்புராணத்தில் மானுக்குப் பிணை நின்ற படலத்தை நடத்திக்கொண்டிருந்தேன். வேடன் கையில் அகப்பட்ட பெண்மான், குட்டிக்குப் பாலூட்டிவிட்டுத் திரும்பி வருவதாக நபிகள் நாயகத்திடம் மன்றாடுகிறது. விலங்கின் வாக்கை எவன் நம்புவான் என்று வேடன் நகைக்கிறான். நாயகம் அந்த வாக்குக்குத் தாமே பிணை நிற்கிறார். மானும் சொன்ன சொல் தவறாமல் குட்டியோடு திரும்பி வருகிறது. உமறுப்புலவரின் கருணை ரசத்தில் நானே கரைந்து நின்ற வேளையில், கடைசி வரிசையில் இருந்த ஒரு சிறுமி எழுந்தாள். உருது பேசும் வீட்டுப் பெண்; தமிழை நாக்கை மடக்கி மடக்கிப் பேசுவாள். “ஐயா, மானோட சொல்லுக்கு நபி பிணை நின்னாங்க. நபியோட சொல்லுக்கு யாருய்யா பிணை நின்னாங்க?” என்றாள்.

மணியடித்தது. ஆசிரியர்களைக் காப்பாற்றுவதற்கென்றே மணியடிப்பவர் ஒருவரைப் பள்ளிக்கூடங்களில் வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த மணி என்னைக் காப்பாற்றியது அன்றைக்கு மட்டுமே. கேள்வி என்னை விட்டுப் போகவில்லை.

நம் நாட்டுத் தத்துவ மரபு ஒரு பொருளை அறிவதற்குக் காண்டல், கருதல், உரை என்று அளவைகளை வகுத்தது. கண்ணாற் காண்பது முதலாவது. கண்டதைக் கொண்டு காணாததை ஊகிப்பது இரண்டாவது. காணவும் கருதவும் இயலாதவற்றை நம்பத் தகுந்தவர் ஒருவர் சொல்லக் கேட்டு ஏற்பது மூன்றாவது. அந்த நம்பத் தகுந்தவரை ஆப்தர் என்றும், அவர் சொல்லை ஆப்தவாக்கியம் என்றும் தருக்க நூலார் கூறுவர். ஒரு தீர்க்கதரிசியின் சொல்லையும் செயலையும் நேரிற் கண்டவர்கள் சொல்ல, அதைக் கேட்டவர்கள் அடுத்தவர்க்குச் சொல்ல, அப்படியே அறிவிப்பாளர் சங்கிலியாகத் தொடர்ந்து வந்து நிற்கும் இஸ்லாத்தைப் போன்ற சமயத்தில், ஆப்தர் யார் என்னும் வினா பண்டிதர்களின் பொழுதுபோக்கன்று, அஸ்திவாரமே அதுதான். அந்த ஆப்தர் வரிசையில் பெண்ணுக்கு இடமிருந்ததா என்பதையே அந்தச் சிறுமி, தான் அறிந்தோ அறியாமலோ, கேட்டிருந்தாள்.

இவ்வினாவைத் தமிழனாகிய நான் மணிமேகலையை நினையாமல் எண்ண முடிவதில்லை. வஞ்சி மாநகரத்துச் சமயவாதிகளிடம் அவரவர் கொள்கையைக் கேட்டறியப் புகுந்த மணிமேகலை, இளம்பெண் என்று கண்டால் மெய்ப்பொருளை உரைக்கமாட்டார்கள் என்று தெய்வமாகிவிட்ட கண்ணகியே எச்சரித்ததனால், முதிய மாதவன் ஒருவனின் வடிவத்தை மந்திரத்தால் மேற்கொண்டு, அதன் பின்னரே அளவைவாதி முதலானோரின் முன் சென்று நின்றாள் என்று சாத்தனார் பாடுகிறார். அறிவுக்கு அலைந்த பெண் ஆணுருவம் பூண வேண்டியிருந்தது. மதீனத்துப் பெண்களோ, ஆண்களே உங்களைச் சூழ்ந்துகொண்டு எங்களுக்கு இடமில்லாமல் செய்துவிடுகிறார்கள், எங்களுக்கென்று தனியே ஒரு நாள் ஒதுக்கித் தாருங்கள் என்று நபிகள் நாயகத்திடம் முறையிட்டார்கள்; அவரும் ஒதுக்கித் தந்தார். உருமாறாமலே கேட்டார்கள். காப்பியக் கற்பனையையும் ஒரு நகரத்தின் நடைமுறையையும் ஒரே தராசில் வைப்பது முறையன்று என்பதை அறிவேன். ஆயினும் இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தவன் மனத்தில் அந்த ஒப்பு எழாமல் இராது.

சிறுமியின் கேள்விக்கு நேரான விடை கதீஜா நாயகி. கி.பி. 610ஆம் ஆண்டில் ஹிரா மலைக்குகையில் வஹீ என்னும் இறைச்செய்தி முதன்முதலாக இறங்கியபோது, நபிகள் நாயகம் அதை வெற்றி முழக்கமாகக் கொண்டு ஊருக்குள் வரவில்லை. உடல் நடுங்க, தமக்கு என்ன நேர்ந்ததோ என்ற பேரச்சத்தோடு வீட்டுக்கு வந்து, தம்மைப் போர்த்துமாறு மனைவியிடம் வேண்டினார். தாம் கண்டது மெய்யோ மயக்கமோ என்று கண்டவருக்கே ஐயம் தோன்றிய அந்த நாழிகையில், உலகத்தில் வேறு ஒரு விசுவாசியும் இல்லை. ஒரு வேதவரி ஏட்டில் ஏறவில்லை. ஒரு பள்ளிவாசல் எழும்பவில்லை. இருந்ததெல்லாம் ஒரு வீடும், அந்த வீட்டில் ஒரு மனைவியும். சாம தேசமாகிய சிரியாவுக்கு ஒட்டகச் சுமைகளை அனுப்பி வாணிகம் நடத்தியவர்; ஆட்களை எடைபோடத் தெரிந்தவர்; அந்த எடையைக் கொண்டே தம்மினும் இளையவரான ஒருவரைச் சரக்குப் பொறுப்பாளராக அமர்த்தி, பிறகு தாமே முன்வந்து அவரை மணந்தவர். அவர் சொன்னதன் சாரம் இது: நீர் உறவைப் பேணுகிறீர், இயலாதவன் சுமையைத் தாங்குகிறீர், இல்லாதவனுக்கு ஈட்டித் தருகிறீர், விருந்தினரை உபசரிக்கிறீர், துன்பத்தில் உழல்பவர்க்குத் துணை நிற்கிறீர், இத்தகைய ஒருவரை இறைவன் ஒருபோதும் இழிவுபடுத்த மாட்டான்.

இந்தச் சொற்களை அன்புள்ள மனைவியின் ஆறுதல் என்று மட்டுமே வாசித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. எனக்கோ, இது அனுமானப் பிரமாணத்தின் அப்பழுக்கற்ற பிரயோகமாகத் தோன்றுகிறது. குகைக்குள் நிகழ்ந்ததை அவர் காணவில்லை. அதைப் பற்றி அவரிடம் வேதமும் இல்லை. காணக் கிடைத்தது பதினைந்தாண்டு இல்லறத்தில் கண்ட ஒழுக்கம் ஒன்றே. அந்த ஒழுக்கம் புகையாயின், குகையில் கண்டது நெருப்பாகவே இருக்க வேண்டும் என்று அவர் கருதினார். இறைவனைப் பற்றியும் ஒரு துணிபு அதனுள் அடங்கியிருக்கிறது: நல்லவனை ஏமாற்றுகிற தெய்வம் தெய்வமாக இராது என்பது. பின்னாளில் பாக்தாதிலும் பஸராவிலும் கலாம் என்னும் இறையியலின் சாஸ்திரிகள் நூற்றாண்டுக் கணக்கில் வாதிட்ட இறைநீதிப் பிரச்சினைக்கு, மக்கத்து வீடொன்றில் போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டுக்கொண்டே ஒரு பெண்மணி முதல் விடையைச் சொல்லிவிட்டார்.

இங்கே என் பிழை ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். அந்தச் சிறுமிக்கு விடை சொல்வதற்காகக் குறிப்பேட்டில் நான் எழுதி வைத்திருந்தது, வேதமறிந்த வரகா என்னும் முதியவர் இது மோசேக்கு வந்த இறைச்செய்தியை ஒத்தது என்று உறுதி கூறினார், கதீஜா நாயகியும் நம்பினார் என்பதே. சில நாட்களுக்குப் பின் ரமலான் மாதத்து மாலையில், அவர்கள் வீட்டிலிருந்து கஞ்சி கொடுத்தனுப்பிய தூக்குப்பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, வாசலில் அமர்ந்திருந்த சிறுமியின் பாட்டியிடம் இதைச் சொன்னேன். எழுத்து வாசனை அதிகமில்லாத அம்மூதாட்டி, ரோஜாத் தோட்டங்களில் பூப்பறித்துக் காய்த்துப்போன கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். “இல்ல சார். முதல்லே பீபி கதீஜா சொன்னாங்க. அதுக்கப்புறம்தான் வரகாகிட்டே கூட்டிட்டுப் போனாங்க.” நூலைப் புரட்டிப் பார்த்தேன், அவர் சொன்ன வரிசையே சரி. பண்டிதர் ஒப்புக்கொண்டதனால் மனைவி நம்பவில்லை. மனைவி தெளிந்த பிறகு பண்டிதரிடம் அழைத்துச் சென்றார். வரிசையை மாற்றியதில் எனக்கு ஒரு வஞ்சமும் இருக்கவில்லை. அறிவாளி ஓர் ஆணாக இருக்கும் இடத்தில் முடிவையும் அவனே செய்திருப்பான் என்று என் பேனா தானாகவே எழுதிவிட்டது. இவ்விதமான பேனாக்கள் பதின்மூன்று நூற்றாண்டுகளாக எழுதி வந்திருக்கின்றன என்பதையும் அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன்.

உமறுப்புலவரையும் இதில் சற்றுக் கேட்டுவிடலாம். 5027 விருத்தங்களில் நாயகத்தின் சரித்திரத்தைப் பாடிய அவர், கதீஜா கனவு கண்டதற்கே ஒரு படலம் வகுத்தார். மணம்புரி படலத்தைத் தமிழ்நாட்டுக் கல்யாணத்தின் சகல ஆடம்பரங்களோடும் நடத்திக் காட்டினார். சீதக்காதி வள்ளலும் அபுல்காசிம் மரைக்காயரும் ஆதரித்த காப்பியத்தில், வணிகச் செல்வி ஒருத்தியின் பெருமை குன்றாமல் வருவது வியப்பன்று. ஆயினும் கம்பன் காட்டிய வழியில் நடக்கும் காப்பியத்துக்கு நாயகியின் எழிலும் ஏக்கமும்தான் விரிவுக்கு உரியவை. அவளுடைய தருக்கத்துக்கு அணியிலக்கணத்தில் தனி இடம் வகுக்கப்படவில்லை.

கதீஜா நாயகி 619ஆம் ஆண்டில் மறைந்தார். நாயகத்தின் சரித்திரத்தில் அது துக்க ஆண்டு என்றே பெயர் பெற்றது. குகையிலிருந்து திரும்பிய அந்த இரவையும், கதீஜா நாயகியின் அந்தச் சொற்களையும் நமக்குக் கொண்டுவந்து சேர்த்த அறிவிப்பாளர் யார் என்று பார்த்தால், அவரும் ஒரு பெண்மணியே: ஆயிஷா நாயகி. இவரே வேறோரிடத்தில், நாயகத்தின் மற்ற மனைவியர் எவர்மேலும் கொள்ளாத பொறாமையைத் தாம் காணாமலே இறந்துபோன கதீஜாவின்மேல் கொண்டதாக மனந்திறந்து சொல்லியிருக்கிறார். ஆடு அறுத்தால் கதீஜாவின் தோழியருக்கு முதலில் பங்கு அனுப்பிவைக்கும் கணவரைப் பார்த்து அவர் குமைந்ததுண்டு; குமைந்து ஒரு சொல் சொல்லி, நாயகத்தின் மறுமொழியைக் கேட்டு வாயடைத்ததும் உண்டு. அத்தனையையும் தாமே அறிவித்தார். தம்மைக் காட்டிலும் உயர்வாக வைக்கப்பட்ட ஒருத்தியின் புகழை, தாம் வாய் திறவாமல் இருந்திருந்தால் அழிந்தே போயிருக்கக்கூடிய புகழை, ஒரு சொல் குறையாமல் அடுத்த தலைமுறைக்குக் கொடுத்துவிட்டுப் போனவரைவிட உயர்ந்த ஆப்தரை எந்தத் தருக்க நூல் கேட்கும்? தனக்குச் சாதகமானதைச் சொல்பவனின் சாட்சியத்தைவிடப் பாதகமானதைச் சொல்பவனின் சாட்சியம் பெறுமதியுடையது என்பது நீதிமன்ற வாசலில் நிற்கும் குமாஸ்தாவுக்கும் தெரிந்த நியாயம்.

ஆயிஷா நாயகியின் வாயிலாக வந்தவை என்று எண்ணப்படும் ஹதீஸ்கள், அதாவது நபியைப் பற்றிய அறிவிப்புகள், 2210. எண்ணிக்கையைக் காட்டிலும் என்னை வியக்கவைப்பது அவர் மற்றவர்களைத் திருத்திய முறை. அத்திருத்தங்களை மட்டுமே திரட்டிப் பதினான்காம் நூற்றாண்டில் ஸர்கஷீ என்னும் கெய்ரோ நகரத்து அறிஞர் ஒரு தனி நூல் செய்தார். திருத்தப்பட்டவர்கள் சாமானியர்கள் அல்லர். அபூஹுரைரா, இப்னு உமர், உமர் என்று சஹாபாக்களாகிய நபித்தோழர்களுள் தலைசிறந்தோர். நாய், கழுதை, பெண் இம்மூன்றும் குறுக்கே சென்றால் தொழுகை முறிந்துவிடும் என்று ஒரு செய்தி பரவியபோது, எங்களை நாய்க்கும் கழுதைக்கும் சமமாக்கிவிட்டீர்களே என்று வெகுண்ட அவர், நாயகம் இரவில் தொழும்போது தாம் அவருக்கும் தொழும் திசையாகிய கிப்லாவுக்கும் நடுவே படுத்திருந்ததையும், நெற்றி நிலத்தில் பட வணங்கும் ஸஜ்தாவுக்கு இடம் விடத் தம் கால்களை மடக்கிக்கொண்டதையும் எடுத்துரைத்தார். உரையளவையைக் காட்சியளவை கொண்டு மறுத்த கதை இது. குடும்பத்தார் அழுவதனால் இறந்தவர் வேதனை செய்யப்படுவார் என்ற செய்திக்கு, ஒருவர் சுமையை மற்றொருவர் சுமப்பதில்லை என்னும் குர்ஆனின் விதியை எதிர்வைத்து, சொன்னவர் பொய்யர் அல்லர், ஆனால் தவறிவிட்டார் என்று தீர்ப்புச் சொன்னார். பெண்ணிலும் வீட்டிலும் குதிரையிலும் அபசகுனம் உண்டு என்ற செய்தியைக் குறித்தோ, அஞ்ஞான கால மக்கள் அப்படிக் கருதி வந்ததை நாயகம் கண்டித்துச் சொன்னார் என்றும், அறிவித்தவர் பாதியில் உள்ளே வந்து பேச்சின் வாலை மட்டும் கேட்டுக்கொண்டார் என்றும் அவர் விளக்கியதாக அறிவிப்புகள் உண்டு. வால் மட்டும் நிலைத்து, தலை மறைந்துபோகும் இந்த விபத்து சமய இலக்கியங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவானது. வீட்டுக்குள்ளிருந்து தலையையும் கேட்டவள் ஒருத்தி இருந்தாளா என்பதே வேறுபாடு.

ஆனால் எல்லாப் பெண்களின் சொல்லும் அவ்வாறே எடுபட்டது என்று எழுதினால் நானும் வாலை மட்டும் சொன்னவனாவேன். பாத்திமா பின்து கைஸ் என்றொரு பெண்மணி. கணவர் மீளமுடியாதபடி மணவிலக்குச் செய்துவிட்டபோது, மறுமணத்துக்கு முன் காத்திருக்கும் இத்தா காலத்தில் ஜீவனாம்சமோ இருப்பிடமோ தமக்கு இல்லையென்று நாயகம் தீர்ப்பளித்ததாக அறிவித்தார். கலீபா உமர் அதை ஏற்கவில்லை. நினைவிற் கொண்டாளோ மறந்தாளோ என்று தெரியாத ஒரு பெண்ணின் சொல்லுக்காக இறைவேதத்தை விட்டுவிட முடியாது என்பது அவர் கட்சி. ஆயிஷா நாயகியும் உமரின் பக்கமே நின்றார். பாத்திமாவோ அடங்கவில்லை, நமக்கிடையே குர்ஆனே நடுவராக இருக்கட்டும் என்று வசனத்தைக் காட்டி வாதாடினார். முடிவு என்னவாயிற்று என்று பார்த்தால் புன்னகையே வருகிறது. மத்ஹப்கள் எனப்படும் சட்டநெறிகளுள் ஹன்பலி மத்ஹப் அவர் சொல்லை அப்படியே ஏற்றது. ஷாஃபி மத்ஹப் இருப்பிடம் உண்டு, ஜீவனாம்சம் இல்லை என்று நடுவழியில் நின்றது. ஹனஃபி மத்ஹப் அவர் அறிவிப்பைத் தள்ளி, இரண்டும் உண்டு என்றது. ஆக, பெண்ணின் சாட்சியத்தை மறுத்த மத்ஹப்பிலேதான் மணவிலக்குப் பெற்ற பெண்ணுக்குச் சோறும் கூரையும் கிடைக்கின்றன! எங்கள் பக்கத்து உருது முஸ்லிம்கள் பெரும்பாலும் ஹனஃபிகள். காயல்பட்டினம், கீழக்கரைக் கடற்கரையோர் பெரும்பாலும் ஷாஃபிகள். இன்றைக்கும் ஒசூரில் விலக்கப்பட்ட ஒருத்திக்கும் கீழக்கரையில் விலக்கப்பட்ட ஒருத்திக்கும் மார்க்கச் சட்டத்தில் உள்ள ஒரு வேறுபாடு, மதீனத்தில் ஒருத்தி சொன்ன சொல்லை யார் நம்பினார், யார் நம்பவில்லை என்பதில் வந்து முடிகிறது. பெண்ணின் சொல்லை ஏற்பது வேறு, பெண்ணுக்கு நன்மை செய்வது வேறு என்ற கசப்பான உண்மையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

கடன் பத்திரத்துக்குச் சாட்சியாக இரண்டு ஆண்கள் இல்லாவிடில் ஓர் ஆணும் இரண்டு பெண்களும் என்று குர்ஆன் கூறியதை நினைவூட்டுவோர் உண்டு. ஆனால் அந்த மார்க்கத்துச் சட்ட அறிஞர்களே, வழக்கு மன்றச் சாட்சியம் வேறு, ஹதீஸ் அறிவிப்பு வேறு என்று பிரித்து, பின்னதில் ஆண் பெண் பேதம் கருதவில்லை; நினைவாற்றலும் நேர்மையுமே அங்கே தகுதி. பத்து வராகன் கடனுக்கு ஒருத்தியின் சொல் போதாது, மறுமைக்கு வழிகாட்டும் செய்திக்குப் போதும் என்பது வெளியிலிருந்து பார்க்கும் என்னைப் போன்றவனுக்கு முரணாகவே படுகிறது. சந்தைக் கணக்கு ஆண்களின் உலகமாகவே இருந்த காலத்து ஏற்பாடு அது என்று சொல்லும் முஸ்லிம் அறிஞர்களும் இருக்கிறார்கள்.

வாதாடியவர்களில் கௌலா பின்து தஅலபாவை மறக்கலாகாது. நீ எனக்கு என் தாயின் முதுகைப் போன்றவள் என்று கணவன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், மனைவியும் இல்லாமல் விலக்குப் பெற்றவளும் இல்லாமல் அந்தரத்தில் தொங்கவிடும் அரபு வழக்கம் ஒன்று இருந்தது. முதுமையில் அந்த வார்த்தையைக் கேட்க நேர்ந்த கௌலா, நாயகத்திடம் வந்து மறுபடி மறுபடி வாதிட்டார். உடனே சாதகமான விடை கிடைக்காதபோது இறைவனிடமே முறையிட்டார். அவ்வழக்கத்தைக் கண்டித்து இறங்கிய ஐம்பத்தெட்டாம் அத்தியாயம், வாதிட்ட அந்தப் பெண்ணின் பேச்சை இறைவன் கேட்டுக்கொண்டான் என்ற செய்தியோடுதான் தொடங்குகிறது. நம் பிருகதாரண்யகத்திலே கார்க்கி வினாமேல் வினாவாக அடுக்கிச் சென்றபோது, மேலும் கேட்டால் தலை விழுந்துவிடும் என்று யாக்ஞவல்கியர் எச்சரித்தார். அவள் சற்று ஒதுங்கி, பின் மீண்டும் எழுந்து கேட்டாள் என்பதையும் நேர்மையாகச் சேர்த்துச் சொல்ல வேண்டும். கேட்கிற பெண்ணைப் பற்றிய இந்த இரண்டு சித்திரங்களையும் ஒருவன் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி வைத்துக்கொள்ளலாம்.

நாயகத்தின் மனைவியருள் ஒருவரான உம்மு ஸலமா இன்னும் நுட்பமானவர். வேதம் ஆண்களையே அழைத்துப் பேசுகிறதே, நாங்கள் எங்கே என்று அவர் கேட்டதாகவும், அதன் பின்னரே விசுவாசங் கொண்ட ஆண்கள், விசுவாசங் கொண்ட பெண்கள் என்று பத்து இணைகளாக இருபாலாரையும் தனித்தனியே பெயரிட்டு அழைக்கும் வசனம் இறங்கியதாகவும் மரபு கூறுகிறது. இலக்கணப் பால்பாகுபாடு வெறும் விகுதி விவகாரமன்று, அதில் ஓர் ஆன்மாவின் இருப்பே அடங்கியிருக்கிறது என்று கண்டவர் அவர். தமிழாசிரியனாகிய நான் அவரை என் கட்சியிலே சேர்த்துக்கொள்ள விரும்புகிறேன். 628இல் ஹுதைபியா உடன்படிக்கையால் மனங்கசந்த தோழர்கள், பலிகொடுத்து முடி களையுமாறு நாயகம் மும்முறை சொல்லியும் எழாமல் இருந்தபோது, கூடாரத்துக்குள் வந்த அவரிடம், யாரோடும் பேசவேண்டாம், வெளியே சென்று உங்கள் ஒட்டகத்தை அறுத்து உங்கள் தலையை மழித்துக்கொள்ளுங்கள் என்று யோசனை சொன்னவரும் அவரே. அப்படியே நடந்தது, கண்டவர்கள் முண்டியடித்துக்கொண்டு எழுந்தார்கள்.

உஹது களத்தில் வாளேந்தி நாயகத்தை மறைத்து நின்ற நுஸைபாவையும், கொடுமைக்குப் பணியாமல் உயிர் கொடுத்து முதல் தியாகியான சுமையாவையும் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். வீரத்தைப் புகழ்வது உலகத்துக்கு எளிது. அபூபக்ரின் ஆட்சியில் தொகுக்கப்பட்ட குர்ஆன் ஏடுகள் இறுதியில் உமரின் மகளான ஹஃப்ஸாவிடமே பாதுகாப்பில் இருந்தன என்பதும், உஸ்மான் கலீபா பிரதிகள் எடுப்பதற்கு அந்த ஏடுகளை அவரிடமே இரவல் வாங்கித் திருப்பிக் கொடுத்தார் என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பெட்டியைக் காப்பது போர்க்களம்போல் கண்ணைப் பறிக்கும் காட்சியன்று. 656இல் ஆயிஷா நாயகி படையோடு சென்று தோற்ற ஒட்டகப் போரோ, பெண்ணுக்கு அரசியல் ஆகாது என்பதற்குச் சான்றாக இன்றுவரை பேசப்படுகிறது. படைநடத்தித் தோற்ற ஆண்களின் பட்டியலைக் கொண்டு ஆண்குலத்துக்கு அரசியல் ஆகாது என்று எவரும் முடிவு கட்டியதில்லை.

பிறகு என்ன ஆயிற்று? உத்தரப் பிரதேசத்து ஜவுன்பூர்ப் பகுதியில் பிறந்து லக்னோவின் நத்வாவில் பயின்ற அக்ரம் நத்வீ என்னும் அறிஞர், ஹதீஸ் கற்பித்த பெண்களின் பெயர்களைத் திரட்டத் தொடங்கியபோது, இருபதோ முப்பதோ தேறும் என்றே எண்ணினாராம். 2021இல் அரபு மொழியில் வெளிவந்த அவர் நூல் 43 பாகங்கள். பெயர்கள் ஏறத்தாழப் பத்தாயிரம். பத்தாயிரம் பேரைத் தொலைத்துவிட்டு, தொலைத்ததையே அறியாமல் ஒரு சமூகம் இருந்திருக்கிறது. ஏட்டில் இருந்தார்கள்; நாவில் இல்லை.

தமிழ்நாட்டிலும் ஏட்டுக்கும் நாவுக்கும் இதே வழக்குத்தான். காயல்பட்டினத்தில் பெண்கள் தாமே கூடித் தொழுவதற்கும் ஓதுவதற்கும் தைக்காக்கள் உண்டு; கீழக்கரையில் ஆசியா உம்மாள் மெய்ஞ்ஞானப் பாடல்கள் பாடினார். நாகூரில் 1917இல் பிறந்து, மூன்றாம் வகுப்போடு பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்ட சித்தி ஜுனைதா பேகம், 1938இல் ‘காதலா கடமையா’ என்னும் நாவலை வெளியிட்டபோது, அதற்கு மதிப்புரை வழங்கியவர் மகாமகோபாத்தியாயர் உ.வே. சாமிநாதையர். கடலோர இஸ்லாமியப் பெண்ணொருத்தியின் எழுத்துக்கு உத்தமதானபுரத்து முதியவர் பிணை நின்ற அந்தக் காட்சியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது. பின்னாளில் அவர் எழுதிய கட்டுரைகள் ‘இஸ்லாமும் பெண்களும்’ என்ற பெயரில் நூலாயின. மார்க்கம் கொடுத்ததை வழக்கம் பிடுங்கிக்கொண்டது என்பதே அவர் ஆயுள் முழுதும் நடத்திய வழக்கு. புதுக்கோட்டையில் ஷரீஃபா கானம் பெண்களுக்கென ஒரு ஜமாஅத்தை அமைத்ததற்கும் காரணம் அதுதான்: மணவிலக்கு வழக்கு ஜமாஅத்தில் விசாரிக்கப்படும்போது, சம்பந்தப்பட்ட பெண் உள்ளே வந்து பேச முடியாமல், தகப்பனோ சகோதரனோ போய்ப் பேச வேண்டியிருந்தது. கௌலா பேசினார், அவருடைய அத்தியாயத்தை ஓதுகிற ஊர்களில் கௌலாக்கள் வாசலுக்கு வெளியே நின்றார்கள்.

சிறுமியின் பாட்டி சில ஆண்டுகளுக்கு முன் ஹஜ்ஜுக்குப் போய்வந்தார். பேத்தி இப்போது தொழிற்பேட்டைப் பேருந்தில் ஏறி ஷிப்டுக்குப் போகிற வயதுப் பெண். நான் வீடு தேடிப் பார்க்கப் போனபோது, பாட்டி சிறு குப்பியில் ஜம்ஜம் நீரும் பேரீச்சம்பழமும் கொடுத்து, பயணக் கதையை விஸ்தாரமாகச் சொன்னார். குழந்தைக்குத் தண்ணீர் தேடி அன்னை ஹாஜரா ஸஃபா மர்வா என்னும் இரு குன்றுகளுக்கிடையே ஏழு முறை ஓடிய ஓட்டத்தையே, உலகத்து ஹாஜிகள் எல்லோரும், அரசரானாலும் ஆலிமானாலும், இன்றும் திரும்ப நடத்திக் காட்டுகிறார்கள். நடுவிலே பச்சை விளக்கு எரியும் ஒரு பகுதி உண்டு. அங்கே ஆண்கள் மட்டும் விரைந்து ஓடவேண்டும், பெண்கள் நடந்தாற் போதும் என்பது சட்டநூல்களின் விதி.

“பீபி ஹாஜரா ஓடின எடத்துலே ஆம்பளைங்கதான் சார் ஓடறாங்க. எங்களை நடக்கச் சொல்லிட்டாங்க” என்றார்.

ஏன் என்று நான் கேட்கவில்லை. விடை சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்துவிடுமோ என்ற பயம். பாட்டி முழங்காலைத் தடவிக்கொண்டே சிரித்தார்.

“எனக்கு முட்டிவலி சார். ஓடுன்னு சொல்லியிருந்தாலும் நடந்துதான் போயிருப்பேன். ஆனா சொல்லியிருக்கலாம்.”